பதினோராம் குழாய்

ஆய்வுக்கூடத்தில் எனக்குப் பெயர் மிளகாய். முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள், முதுகுக்குப் பின்னால்தான். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இருபத்தாறு வருடமாக ஒரே மேஜையில் நின்று வேலை செய்பவளுக்குக் காது மட்டும் கேட்காதா என்ன? சொல்லிவிட்டுப் போகட்டும், பயம் இருந்தால் சரி. பயமில்லாதவர்கள் ஒரு குழாயின் சீட்டை இன்னொன்றில் ஒட்டிவிட்டு, "சாரி மேடம்" என்று பல்லைக் காட்டுவார்கள். அதனால்தான் கத்துகிறேன். வீட்டிலும் அதே வாய்தான். இப்போது சொல்லப்போவது அந்த வாயால் வந்த வினை.

எங்கள் கூடத்தில் பார்ப்பது நாக்கு, வாய், தொண்டைப் புற்றுநோய். வைத்தியம் பார்ப்பது மாடியில் இருக்கும் டாக்டர்கள். நாங்கள் தரைத்தளத்தில் எச்சிலையும் சதைத் துண்டுகளையும் வைத்துக்கொண்டு, இது ஏன் வந்தது என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும், "போதும், நிறுத்து" என்று சொல்வதற்கென்றே சில மரபணுக்கள் உண்டு. செல் கன்னாபின்னாவென்று பெருகப் பார்த்தால் அதட்டி உட்கார வைப்பது அவற்றின் வேலை. புற்றுநோய் வந்த இடத்தில் அந்த மரபணு உடைந்திருக்கும் என்றுதான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நினைத்திருந்தேன். பல கட்டிகளில் உடைந்துதான் இருக்கும். ஆனால் சில கட்டிகளில் எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தாலும் அதில் ஒரு கீறல் இருக்காது. தன் கட்டளையை ஒழுங்காக எழுதி அனுப்பிக்கொண்டே இருக்கும். வழியில் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்கிற துணுக்கு ஒன்று, மொத்தமே இருபத்திரண்டு எழுத்து நீளம், அந்தக் கட்டளையின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். அவ்வளவுதான், அப்புறம் அதை யாரும் வாசிக்க முடியாது. சொல்ல வேண்டியவள் சொல்லிக்கொண்டே இருப்பாள், சத்தம் மட்டும் வெளியே வராது. 

நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த துணுக்குக்கு முறையான ஒரு எண் உண்டு. கூடத்தில் யாரும் அதைச் சொல்வதில்லை, வாய்ப்பூட்டு என்போம். நல்ல உடம்பிலும் அது அளவாக இருக்கும். நோய் வந்தால் அளவு மீறும், எச்சிலிலேயே தெரியும். எவ்வளவு சீக்கிரம் தெரியும் என்று பார்ப்பதுதான் எங்கள் ஆய்வு.

அதற்கு நோயாளிகளின் எச்சில் மட்டும் போதாது, ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் எச்சிலும் வேண்டும். கன்ட்ரோல் என்போம். ஆஸ்பத்திரியில் நோயில்லாதவரை எங்கே போய்ப் பிடிப்பது? அதனால் எங்கள் கூடத்தில் ஒரு பழக்கம் உண்டு. கன்ட்ரோல் குறைந்தால் நாங்களே துப்பிக் கொடுத்துவிடுவோம். கூடத்துக்குத் தலைவியான டாக்டரம்மா முதல் பெருக்குகிற அம்மா வரை எல்லாரும் ஆளுக்கொரு குழாய், கூடவே ஒரு படிவம். அலமாரிச் சாவி வைத்திருப்பதால் நாங்கள் சாவியம்மா என்று கூப்பிடும் குமாஸ்தா, பெயரை எடுத்துவிட்டு, வந்த வரிசையைக் கலைத்து எண் போடுவாள். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் உறைக்குள் போய், அரக்கு வைத்து, அலமாரிக்குள் போய்விடும். ஆய்வு முடியும்வரை யாரும் திறக்கக்கூடாது. யாருடையது என்று தெரிந்தால் கை ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பதற்காக. இந்த விதியைக் கொண்டுவந்ததே நான்தான்.

இந்த முறை பன்னிரண்டு பேர் வேண்டும். பதினொன்று சேர்ந்துவிட்டது. பன்னிரண்டாவதாக வர வேண்டிய வண்டி ஓட்டுநர் கடைசி நேரத்தில் நழுவிவிட்டார்.

"நீங்க பாட்டுக்கு எனக்கு ஏதோ இருக்குன்னு சொல்லிட்டீங்கன்னா? தெரியாம இருக்கற வரைக்கும் நிம்மதிங்க" என்றார்.

"போய்யா, உன் எச்சில் இல்லேன்னா உலகம் நின்னுடுமா?" என்று சொல்லிவிட்டு ஒரு காலிக் குழாயைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். வீட்டில் என் தங்கை இருக்கிறாள்.

நாங்கள் இருவர்தான். எனக்குக் கல்யாணம் நடக்கவில்லை, அவளுக்கு நடந்து நிலைக்கவில்லை. ரயில் நிலையத்துக்குப் பின்புறத் தெருவில் இரண்டு அறை வீடு. சின்ன வயதில் அவளுக்கு ரேடியோ என்று பெயர், நிறுத்தவே முடியாது. தூக்கத்திலும் ஏதாவது பேசுவாள். படித்து முடித்து நிலையத்தில் விசாரணைச் சன்னலில் வேலைக்குச் சேர்ந்தாள். பன்னிரண்டு வருடத்துக்கு முன் நிலையத்தின் ஒலிபெருக்கி அறிவிப்புக்கு அவள் குரலைத்தான் பதிவு செய்தார்கள். எண்கள், ஊர்ப் பெயர்கள், "தாமதமாக வரும்", "புறப்படத் தயாராக உள்ளது", எல்லாவற்றையும் தனித்தனியாகச் சொல்ல வைத்தார்கள். மெஷின் அதை வேண்டிய மாதிரி கோத்துக்கொள்ளும். அந்தக் குரல் எங்கள் சமையலறை வரை கேட்கும். "வீட்ல பேசறது போதாதுன்னு வெளியேயும் நீதானா?" என்று கிண்டல் பண்ணுவேன். அவளும் சிரிப்பாள்.

மறுநாள் காலை எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. குழாயை நீட்டினேன். வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, துப்பறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்."

"சாயங்காலம் சொல்லு."

"இல்லக்கா, கொஞ்ச நாளாவே..."

"வாய மூடிட்டுத் துப்புடி!"

"மூடிட்டு எப்படித் துப்பறது?" என்று சிரித்தாள்.

வேறொரு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். அன்று என்ன சனியன் பிடித்ததோ, கத்தினேன். காலையில் எழுந்தால் படுக்கிறவரை தொணதொணவென்று ஒரே பேச்சு, தலைவலி, இந்தப் பேச்சுதான் உன் புருஷனையும் ஓட வைத்தது என்றேன். அதோடு விட்டேனா? "இனிமே எங்கிட்ட வாயத் திறக்காத" என்றேன்.

அவள் குழாயில் துப்பி, மூடியைத் திருகி, மேஜைமேல் வைத்தாள். அதில் இலேசாக இரத்தம் கலந்தாற்போல் இருந்தது. பல் தேய்த்தபோது கீறியிருக்கும் என்று எடுத்துக்கொண்டு ஓடினேன். அவளுக்கான படிவத்தை ரயிலில் உட்கார்ந்து நானே நிரப்பினேன். புகை, இல்லை. புகையிலை, இல்லை. வாயில் ஆறாத புண், இல்லை. விழுங்கச் சிரமம், இல்லை. பத்து நொடிகூட ஆகவில்லை. கூடப் பிறந்தவளைப் பற்றி எனக்குத் தெரியாததா?

அன்றிலிருந்து அவள் வாயைத் திறக்கவில்லை.

முதல் இரண்டு நாள் நல்லதாகப் போயிற்று என்றுதான் இருந்தேன். மூன்றாம் நாள், நாலாம் நாள். நான் கேட்டால் தலையாட்டுவாள். நான் சமைத்ததைத் தொடுவதில்லை, ரொட்டியைப் பாலில் ஊறவைத்து, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து மெல்ல விழுங்குவாள். ரோஷம். எனக்கு மட்டும் ரோஷம் இல்லையா? நானும் பேசவில்லை. எந்த நேரமும் பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த வீட்டில் கரண்டி வைக்கிற சத்தம்கூடத் தூக்கிப்போட்டது. அதைவிட மோசம் நிலையத்திலிருந்து வருகிற குரல்தான். எதிரே அவள் உதடு அசையாமல் உட்கார்ந்திருப்பாள். ஜன்னல் வழியே அவள் குரல், "பயணிகள் கவனிக்கவும்" என்று ஆரம்பிக்கும். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என்னையும் அறியாமல், "ம், சொல்லு" என்றுவிட்டேன். அவள் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். குரல் ஏதோ ஒரு வண்டியின் எண்ணைச் சொல்லி முடித்தது. நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

இருபத்துநாலாம் நாள் பன்னிரண்டு கன்ட்ரோல்களையும் மெஷினில் வைத்தேன். எச்சிலில் இருக்கிற துணுக்கை அந்த மெஷின் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்கிக்கொண்டே போகும். அதிகமாக இருந்தால் திரையில் கோடு சீக்கிரம் எழும்பும், குறைவாக இருந்தால் தாமதமாக எழும்பும். எத்தனையாவது சுற்றில் எழும்புகிறது என்பதுதான் கணக்கு. பதினொரு கோடுகள் ஒரே இடத்தில் படுத்திருந்தன. ஒன்று மட்டும் ஐந்து சுற்றுக்கு முன்பே எழுந்து தனியாக மேலே போனது. ஐந்து சுற்று என்றால் முப்பத்திரண்டு மடங்கு. பதினோராம் எண்.

என் கைத்தவறு என்று நினைத்தேன். நோயாளியின் துளி எங்கேயாவது பட்டிருக்கும். மேஜையைத் துடைத்து, கையுறை மாற்றி, பெட்டியிலிருந்து புதிதாக எடுத்து மறுபடி வைத்தேன். பதினொன்று எழுந்தது. தட்டில் இடத்தை மாற்றி வைத்தேன். மாற்றி வைத்த இடத்தில் எழுந்தது. நாலாவது தடவை, திரையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பியபோது அதே இடத்தில் அந்தக் கோடு ஏறிக்கொண்டிருந்தது. யாரோ என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்று தோன்றியது. எனக்கு இப்படியெல்லாம் தோன்றுகிற வழக்கம் கிடையாது.

டாக்டரம்மாவிடம் போனேன்.

"ஈறு வீங்கியிருந்தாக்கூட இது ஏறும். பதினொண்ணைத் தூக்கிடுங்க" என்றார்.

"இது நம்மள்ல ஒருத்தர் மேடம்."

"தெரியும். இத ஒண்ண வச்சு ஒருத்தர நோயாளின்னு சொல்ல முடியாது. இன்னும் அந்த அளவுக்கு நாம வரல. உறையைப் பிரிச்சா ரெண்டு வருஷ வேலை போச்சு. இத நான் உங்களுக்குச் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லைதான். புத்தகத்தில் பதினொன்றின் மேல் ஒரு கோடு இழுத்து, 'நீக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ எண்களுக்கு அப்படிப் போட்டிருக்கிறேன். அன்றுதான் போட்ட பிறகும் புத்தகத்தை மூடாமல் நின்றேன்.

மதியம் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். நான் சாப்பிடவில்லை, வாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெருக்குகிற அம்மா ஒரு பக்கமாகவே மெல்லுகிறாளே? டாக்டரம்மா ஏன் தண்ணீர் குடித்துக் குடித்து விழுங்குகிறார்? சாவியம்மா சிரித்தபோது உள்ளே ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது, சோறு. எல்லா வாயும் திறந்து மூடிக்கொண்டிருந்தன, எதிலோ ஒன்றில் அது உட்கார்ந்திருக்கிறது.

"என்ன மேடம், கண்ணு வைக்கறீங்க?" என்றாள் சாவியம்மா.

அவளைத் தனியாக அழைத்துப் போனேன். உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்ல வேண்டாம், அந்த ஆளிடம் மட்டும் போய் வாயைக் காட்டச் சொல் என்றேன்.

"ஐயையோ, என்னால ஆகாது. கடவுளே வந்து கேட்டாலும் திறக்கக்கூடாதுன்னு நீங்கதானே அன்னிக்குக் கத்தினீங்க? நான் ரெண்டு நாள் அழுதேன், ஞாபகம் இருக்கா?"

இருந்தது.

அப்புறம்தான் பன்னிரண்டு பேரில் என் வாயும் ஒன்று என்பது உறைத்தது. போன மாதம் உடைந்த கடைவாய்ப் பல் கன்னத்தை உள்ளே கிழித்துக்கொண்டிருந்தது. என் படிவத்தில் 'சிறு புண், ஆறிவருகிறது' என்று எழுதியிருந்தேன். மற்றவர்கள் எல்லாரும் 'இல்லை' என்று எழுதியதாகத்தான் சொன்னார்கள். தங்கையைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அவளுடைய படிவம்தான் சுத்தமாக இருந்ததே. நான் எழுதியதை நானே நம்பிக்கொண்டிருந்தேன்.

கழிப்பறைக் கண்ணாடியில் வாயைப் பிளந்து பார்த்தேன். எத்தனை முறை பார்த்தாலும் சிவப்புக் குகை மாதிரிதான் தெரிந்தது. மூன்று மணிக்கு மாடியேறி தொண்டை டாக்டர் முன்னால் உட்கார்ந்தேன். என்னைவிட இருபது வயது சின்னவர், என்னைக் கண்டால் நடுங்குபவர். நாக்கைத் துணியில் பிடித்து இழுத்து, இப்படியும் அப்படியும் திருப்பி, விரலை உள்ளே விட்டு, கழுத்தைத் தடவி, கேமராக் குழாயை மூக்கு வழியாக இறக்கிக்கூடப் பார்த்துவிட்டார்.

"ஒண்ணுமே இல்லீங்க. பல்ல மட்டும் சரி பண்ணிக்குங்க" என்றார்.

எனக்குக் காலே தரையில் பாவவில்லை. பையை எடுத்துக்கொண்டு அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். ரயிலில் வரும்போது தீர்மானித்தேன், போதும் இந்த ரோஷம். நான்தான் பெரியவள், நான்தான் முதலில் பேச வேண்டும். வீடு வரை காத்திருப்பானேன், சன்னலிலேயே போய், "ஏ ரேடியோ, அக்கா பிழைச்சுக்கிட்டேன்டி" என்று சொல்லிவிடலாம். இத்தனை நாளாக அந்தச் சன்னலைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போயிருந்தேன்.

இறங்கியபோது தலைக்கு மேல் அவள் குரல் கேட்டது.

"பதினொன்று," என்றது. மெஷின் கோக்கிற இடத்தில் எப்போதும் விடுகிற சின்ன இடைவெளி. "தாமதமாக வரும். காத்திருக்கவும்."

யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஏதோ ஒரு வண்டி எண்ணின் கடைசித் துண்டு, தினமும் சொல்வதுதான். எனக்கு மட்டும் திரையில் தனியாக ஏறிய அந்தக் கோடு கண்முன் நின்றது. பன்னிரண்டில் அவள் வாயும் ஒன்று. விசாரணைச் சன்னலுக்கு ஓடினேன். உள்ளே வேறு யாரோ ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

"அவங்களா? லீவு போட்டுப் பதினஞ்சு நாளுக்கு மேல ஆச்சே. பேச முடியல, நாக்குல ஏதோ புண்ணுன்னு எழுதிக் குடுத்திருந்தாங்க. நீங்க அவங்க அக்காதானே, உங்களுக்குத் தெரியாதா?"

அந்தக் குழாயில் கலந்திருந்த சிவப்பு இப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. ஒருத்தியோடு ஒருத்தி பேசாமல் போனால், அவள் காலையில் எங்கே கிளம்புகிறாள், கிளம்புகிறாளா என்றுகூடத் தெரியாமல் போகும். தெருவை எப்படிக் கடந்தேனோ.

வெயில் இன்னும் இறங்கவில்லை. சமையலறையில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முன்னால் பால் கிண்ணம், ஊறி உப்பிய ரொட்டி. கன்னம் ஒட்டியிருந்தது. எத்தனை நாளாக ஒட்டியிருந்தது, நான் எங்கே பார்த்தேன்? அத்தனை நாள் ரோஷத்துக்குப் பிறகு நான் அவளிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்.

"வாயத் திற."

அவள் முகத்தை மறுபடி ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"உன் காலப் பிடிக்கறேன், வாயத் திறடி."

செல்போன் விளக்கைப் போட்டேன். மெல்லத் திறந்தாள், பாதிக்கு மேல் திறக்க முடியவில்லை. நாக்கின் இடது ஓரத்தில், பின்னால், கட்டைவிரல் நகம் அளவுக்கு வெள்ளையும் சிவப்புமாக, ஓரம் தடித்து. இதைப் படத்தில் பார்த்திருக்கிறேன், கண்ணாடிச் சில்லில் பார்த்திருக்கிறேன், ஆயிரம் குழாயில் கலக்கியிருக்கிறேன். சூடான மூச்சோடு பார்த்தது அதுதான் முதல் தடவை. அவள் மூச்சு என் விரலில் பட்டது.

"எப்பலேர்ந்து?"

மூன்று விரலைக் காட்டினாள். மூன்று மாதம்.

"ஏன்டி சொல்லல? பாவி, நான் வேலை பார்க்கறதே இதுலதானேடி! ஏன்டி சொல்லல?"

அவள் நாக்கைக் கஷ்டப்பட்டுத் திருப்பினாள். குழறலாக, தடித்து வந்தது குரல். நான் அறிந்த குரலே இல்லை அது.

"நீதானக்கா மூடச் சொன்ன."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள், வலித்தது போலும், கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். நான் தரையில் உட்கார்ந்து அவள் மடியில் முகத்தை வைத்து அழுதேன். அவள் என் தலையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அப்புறம் அங்கேயே தொண்டை டாக்டருக்குப் போன் போட்டேன். நாளை காலை முதல் ஆளாக அழைத்து வாருங்கள், கழுத்தில் கட்டி எதுவும் இல்லையென்றால் இன்னும் நேரம் இருக்கிறது என்றார். தடவிப் பார்த்தேன். இருந்ததா இல்லையா என்று என் விரலுக்குச் சொல்லத் தெரியவில்லை. அலமாரியில் இருக்கிற உறையை இனி யாரும் பிரிக்க வேண்டியதில்லை.

போனை வைத்ததும் அவள் பேச ஆரம்பித்தாள். நான் வாய் திறந்து கேட்டுவிட்டேன் என்பதே போதுமாக இருந்தது போல. முதலில் பல் குத்தியது என்று நினைத்தாளாம். அப்புறம் காது வலித்ததாம். அன்று காலை குழாயைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் சொல்ல வந்தது இதுதானாம். பாதிக்கு மேல் எனக்குப் புரியவில்லை. வார்த்தைகள் ஓரம் உடைந்து, எச்சிலோடு வழிந்தன, அவள் துடைத்துத் துடைத்துப் பேசினாள்.

அப்போது ஜன்னல் வழியே அவளுடைய அந்தப் பழைய குரல் கேட்டது. பயணிகள் கவனிக்கவும் என்றது. ஒரு எழுத்துப் பிசகில்லை, கண்ணாடி மாதிரி துல்லியம். எதிரே இவள் குழறிக்கொண்டிருக்கிறாள், வெளியே அவள் பேசிக்கொண்டிருக்கிறாள். என் தங்கையும் ஒரு கணம் நிறுத்தி, தலையைச் சாய்த்து, அந்தக் குரலைக் கேட்டாள்.

நான் எழுந்து போய் ஜன்னலை இழுத்துச் சாத்தினேன். திரும்பி வந்து அவள் வாய்க்கு நேராக நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்கார்ந்தேன்.

"நீ சொல்லுடி" என்றேன்.